தம்பியின் பெயரைச் சொன்ன இடம்

இறந்துபோன இளைஞனின் தலைமுடியை எங்கள் வார்டு ஆயா அக்கா சீவிவிட்டுக்கொண்டிருந்தார். அக்காவை நான் முதன்முதலாக நின்று கவனித்தது அன்றுதான். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, சட்டைப் பொத்தான்களைப் போட்டு, வகிடு நேராக வரும்வரை இரண்டு முறை கலைத்துச் சீவினார். "ஊருக்குப் போறாரு. அவங்கம்மா பாக்கணும் இல்ல?" என்றார். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் அவன். வயது இருபத்தாறு. என் தம்பி காணாமல் போனபோது அவனுக்கும் அதே வயது.

யாழ்ப்பாணத்தில் இருபத்தைந்து வருடம் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற நான், பெங்களூரில் அடுகோடிப் பக்கம் ஓர் இல்லத்துக்கு ஆறு மாதத் தொண்டுக்காகப் போயிருந்தேன். குணப்படுத்த முடியாத புற்றுநோயாளிகளைக் கடைசிவரை வைத்துப் பார்க்கும் இடம். சேவை என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் வீட்டில் இருக்க முடியவில்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் தொலைந்த தம்பியின் பெயருக்கு அம்மா இன்னும் வாராவாரம் கோயிலில் அர்ச்சனை செய்கிறாள். திவசம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது. அவன் இருக்கிறான் என்று நம்ப எனக்குத் தெம்பில்லை. இல்லை என்று அழவும் வழியில்லை.

ஆயாவை வார்டில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அந்த இளைஞனின் உடலை ஏற்றிப் போன பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அக்கா என் தட்டைப் பார்த்துவிட்டு, "இப்படியே பேஜாரா உக்காந்திருந்தா எப்படி சிஸ்டர்? ஞாயித்துக்கிழமை எங்கூட எங்க கோயிலுக்கு வாங்க" என்றார்.

அம்மன் கோயில் என்றுதான் நினைத்துப் போனேன். கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு சந்துக்குள், இரண்டு வீடுகளுக்கு நடுவே சிறிய கட்டடம். திறந்திருந்த கதவு வழியே வெள்ளைப் புத்தர் தெரிந்தார். என் கால் நின்றுவிட்டது. எங்கள் ஊர்ச் சந்தியில் ராணுவச் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் அப்படியொரு சிலை இருந்தது. அடையாள அட்டையைக் கையில் எடுத்து, தலை குனிந்துகொண்டுதான் அதைக் கடப்போம். அங்கே ஒலிபெருக்கியில் மட்டுமே நான் கேட்டிருந்த பாளி வரிகளை இங்கே ஆட்டோ ஓட்டுபவர்களும் வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுமாகத் தமிழர்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

"நான் வெளியில நிக்கிறன் அக்கா" என்றேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து சுவர் நிழலில் போட்டுவிட்டு உள்ளே போனார். மூன்று ஞாயிறு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது ஞாயிறு, திரும்பும்போது பஸ்ஸில் காரணத்தைச் சொன்னேன். "ஊருக்கு வெளிய ஒதுக்கி வெச்சிருந்த எங்க ஜனத்துக்கு புத்தர் வந்தப்புறம்தான் தலை நிமிந்துச்சு சிஸ்டர். அவரையே காட்டி உங்களைத் தலை குனிய வெச்சிட்டாங்களே" என்றார் அக்கா.

நான்காவது ஞாயிறு அக்கா வாசலில் நின்றார். "இன்னிக்கு அந்த வார்டு தம்பி பேரைச் சொல்லப் போறேன். உங்க தம்பி பேரையும் சொல்லட்டுமா?"

"வேண்டாம் அக்கா. அவன் செத்திட்டான் எண்டு ஆருக்கும் தெரியாது."

"செத்தவங்க பேரை மட்டுமா சொல்றோம்? படுக்கையில கெடக்கறவங்க, துபாய்ல வேலைக்குப் போனவங்க, எல்லார் பேரும்தான். எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்னு எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான் சிஸ்டர்."

செருப்பைக் கழற்றினேன். உள்ளே பாயில் அக்காவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல, முன்னால் இருந்த பிக்கு அதைத் திருப்பிச் சொன்னார். மற்றவர்கள் நல்லா இருக்கட்டும் என்றார்கள். அக்கா வார்டு இளைஞனின் பெயரைச் சொன்னார். என் முறை வந்தபோது தம்பியின் பெயரைச் சொன்னேன். அவன் இருக்கிறானா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத நாற்பது பேர் என் தம்பி நன்றாக இருக்க வேண்டும் என்றார்கள். அக்கா என் பக்கம் திரும்பாமலே தன் கைக்குட்டையை நீட்டினார். நான் சிலையை வணங்கவில்லை. யாரும் வணங்கச் சொல்லவுமில்லை. அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட முடிந்தது. மிச்ச மாதங்களில் ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அம்மா கேட்டாள். "அங்க அவன்ர பேரில அர்ச்சனை செய்தனியோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும் எண்டு சொன்னனான் அம்மா."

அம்மா அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "எங்க இருந்தாலும் எண்டால்? இல்லாமப் போயிருந்தாலும் எண்டோ? அப்ப நீயும் அவனை விட்டிட்டாய்." அன்றிலிருந்து அவனைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்வதில்லை.

அக்கா முழங்கால் வலியால் இப்போது வேலையை விட்டுவிட்டார். அம்மா சொன்னதை அவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "பெத்தவங்க சிஸ்டர், அப்படித்தான் இருப்பாங்க. அவங்க எதிர்ல சொல்லாதீங்க. மனசுக்குள்ள சொல்லிக்குங்க" என்றார்.

மனசுக்குள் சொன்னால் எனக்குப் போதவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மா அர்ச்சனைக்குப் போன பிறகு, சமையலறையில் நின்று அவன் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்கிறேன். பதிலுக்கு நல்லா இருக்கட்டும் என்று சொல்வதும் நானே. அம்மா வாசல் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும் தேத்தண்ணிக்கு அடுப்பில் தண்ணீர் வைக்கிறேன்.