பீரோவைக் கும்பிட்ட தலைவர்

தையல்காரர் ஊசியில் நூல் கோக்க முடியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் கண்ணாடியக்கா ஒரு மூக்குக்கண்ணாடியை அவர் மெஷின்மேல் வைத்து, "யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க போல. கேட்டு வர்ற வரைக்கும் நீங்க போட்டுக்குங்க" என்று சொல்லி நழுவிவிட்டார். ஒன்பது வருஷமாக யாரும் கேட்டு வரவில்லை.

அக்கா இருந்தது, பழைய கண்ணாடிகளை வாங்கி, இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் ஒரு சின்னச் சங்கத்தில். துடைத்து வைக்கிற வேலை அக்காவுக்கு. ஃபேஸ்புக் பக்கம் செயலாளரின் கையில். அவர் எப்போதும் போடுவது ஒரே படம்: தலைவர் நடுவில், கமிட்டி இருபுறமும். லைக் நாலு விழும். நாலும் அவர் மாமியார் வீட்டார்.

அந்த மாசம் தானக் கண்ணாடி போடும் பெட்டி காலி. சும்மா அறை கொடுத்திருந்த கட்டடக்காரர், "மாசக் கடைசிக்குள்ள பெட்டி நிறையலேன்னா அறையை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். செயலாளருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை தலைவர் தன் கண்ணாடியை, அக்கா கண்ணாடி துடைக்கும் மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். அந்த மேசைக்கு வந்ததெல்லாம் தானம் என்பது அக்காவின் சட்டம். துடைத்தார். வாசலில் நின்ற பஸ் கண்டக்டரின் மூக்குக்கு அளவு பார்த்தார். கொடுத்தனுப்பிவிட்டார்.

தலைவர் திரும்பி வந்து பீரோவைக் கும்பிட்டு, "வாங்க, உக்காருங்க" என்றார்.

அக்கா செயலாளரின் போனை வாங்கிப் படம் பிடித்து, ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார்: "தலைவர் கண்ணாடியைத் தெரியாம தானம் பண்ணிட்டேன். இப்ப பீரோகிட்ட பேசறார். உங்க வீட்ல சும்மா கிடக்கிற கண்ணாடியைக் குடுங்க."

"அக்கா! மானம் போச்சே!" என்று செயலாளர் பதறினார்.

"நாலு பேருக்கு மேல பார்த்தாத்தானே தம்பி போகும்?"

பார்த்தார்கள். ஊரே பார்த்தது. கமெண்ட் போட்டவர்களை வாசலுக்கு வந்த விருந்தாளியாகவே அக்கா நினைத்தார். வெறும் "ஹா ஹா"வுக்கும், "நல்லா சிரிச்சீங்களா? சாப்பிட்டீங்களா? பழைய கண்ணாடி இருக்கா?" என்று பதில் போட்டார். கடவுள் புண்ணியம், வெள்ளிக்கிழமைக்குள் பெட்டி வழிந்தது. கட்டடக்காரரே இரண்டு கொண்டுவந்தார். கண்டக்டரும் ஓடி வந்தார்: "இந்தாங்க, உங்க தலைவர் கண்ணாடி. இதைப் போட்டா ஒரு ஆள் ரெண்டு ஆளாத் தெரியறார். ரெண்டு டிக்கெட் கிழிச்சுட்டேன்!"

பிறகு ஒருநாள் அக்கா தன் மகள் வீட்டோடு இருக்கக் கிளம்பினார். பஸ் ஏற்றிவிடப் போன செயலாளர் பையைத் தூக்கிக் கொடுத்தார். அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"கமெண்ட் போட்டவங்களை வாசல்ல நிக்க வெச்சுடாதீங்க தம்பி, சாமிக்கே அடுக்காது." பஸ் நகர்ந்தது. "அப்புறம், காலையில மேசைமேல இருந்துச்சே, அது உங்க கண்ணாடியா?"