எதிர்பார்க்கும் விடை

வாத்தியார் உத்தியோகத்துக்குப் பாடம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. தெரிந்ததைத் தெரியாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு நாற்பது பையன்களிடம் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். சாக்பீஸ் தூளைச் சுவாசித்தே காலம் தள்ளும் என் சகோதர வாத்தியார்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பூமி சாஸ்திரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, பூகோள வாத்தியாராவதற்காக எல்.டி. என்ற வாத்தியார் பயிற்சிப் படிப்பில் சேர்ந்தேன். மயிலாப்பூரில் அக்கா வீட்டில் ஜாகை. அங்கே ஒரு ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர், "பாஸ் பண்ணிட்டு வாங்கோ, ஜூன்லேர்ந்து பூகோளம் உங்களுக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். பாஸ் செய்யாவிட்டால் இடம் வேறொருவருக்கு. கலியாணமாகி ஒரு வருஷமாகியும் என் மனைவி திருச்சினாப்பள்ளியில் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். வேலை கிடைத்தால்தான் ஒரு போர்ஷன் பிடித்து அவளை அழைத்துவர முடியும். ஆகையால் அந்த வருஷம் முழுவதும் நான் பயந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல.

மண் எங்கிருந்து வருகிறது?

எல்.டி.யில் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னதாகப் பாடக் குறிப்பு எழுத வேண்டும். இடப்பக்கம் நாம் கேட்கும் கேள்வி; வலப்பக்கம் 'எதிர்பார்க்கும் விடை'. அதாவது, பையன் நாளைக்கு என்ன சொல்லப் போகிறான் என்பதை இன்றைக்கே எழுதிப் புரொபஸரிடம் கொடுத்துவிட வேண்டும். ஜோசியர்கள்கூட இவ்வளவு துணிய மாட்டார்கள்.

காலேஜை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரத்துக்கு, அதாவது இந்தக் காலத்து ஒன்பதாம் வகுப்புக்கு, என் முதல் பாடம். "மண் எப்படி உண்டாகிறது?" என்று கேட்டேன். வலப்பக்கத்தில், "பாறைகள் வெயிலாலும் மழையாலும் சிதைந்து உண்டாகிறது" என்று அழகாக எழுதி வைத்திருந்தேன். கடைசி பெஞ்சியில் ஏகாம்பரம் எழுந்தான். மாம்பலத்தில் மாட்டுவண்டி ஓட்டுபவர் மகன். நாலாம் பாரத்தில் அவனுக்கு அது மூன்றாவது வருஷம். அப்போது மாம்பலம் பக்கத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவன் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான்:

"வண்டில வருது சார். எங்க நைனாதான் தெனம் எட்டு நடை கொட்றாரு."

மாடு மேய்ந்த மலை

பாடத்துக்கு வேண்டிய மாதிரிகளை நாமே செய்ய வேண்டும் என்பது அடுத்த விதி. சென்னை ராஜதானியின் மேடுபள்ளங்களைக் காட்ட ஒரு படம் செய்யக் கிளம்பினேன். பழைய பத்திரிகைகளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, கூடைக்கு மெழுகும் காகிதக் கூழாக்கி, ஒரு பலகையில் மலைகளை எழுப்பினேன். இரண்டு நாளாக அக்காவின் ஆட்டுக்கல் என் வசம்தான். அரைக்கும்போதே, மேற்கு மலைத் தொடர் மேகத்தைத் தடுத்துவிடுவதால் இந்தப் பக்கத்துக்கு மழை குறைவு என்பதை அக்காவுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டேன். பாவம், அவளும் கேட்டாள்.

காய்வதற்காக வாசலில் வைத்திருந்தேன். பால்காரர் மாட்டை ஓட்டிவந்து வாசலிலேயே கறக்கிற வழக்கம் எனக்கு மறந்துபோயிற்று. வெந்தய வாசனை மாட்டுக்கு மறக்கவில்லை. நான் ஓடிவந்து பார்த்தபோது நீலகிரி முழுவதும் போய், ஆனைமலையில் பாதி அதன் வாயில் இருந்தது. அழாத குறையாக நின்ற என்னைப் பார்த்து அக்கா சொன்னாள்:

"போனாப் போறது விடுடா அம்பி. மலை மறைக்கறதுனாலதான் மழை இல்லேன்னு நேத்துப் பூரா சொல்லிண்டிருந்தியே, இனிமே மெட்ராஸுக்கும் நன்னாப் பெய்யட்டும்!"

முன் அனுபவம்

விமர்சனப் பாடம் என்று ஒன்று உண்டு. நாம் பாடம் நடத்த, நம்மோடு படிக்கும் பன்னிரண்டு பேர் பின்னால் உட்கார்ந்து குற்றம் எழுதுவார்கள். பக்கத்தில் புரொபஸர்.

என் முறை வந்தபோது பதற்றத்தில் தலைப்பை போர்டில் எழுத மறந்துவிட்டேன். முன் பெஞ்சிக்கு மாற்றப்பட்டிருந்த ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டு, "தலைப்பு சார், தலைப்பு" என்றான். எழுதினேன். சற்று நேரத்தில், "இப்ப குளோபைக் காட்டணும் சார்" என்றான். காட்டினேன். வருஷத்துக்கு வருஷம் புதிது புதிதாக வரும் எங்களைப் போன்றவர்களிடம் அதே பாடங்களைக் கேட்டுக் கேட்டு, எந்தெந்த இடத்தில் மார்க் போகும் என்பது அவனுக்கு அத்துப்படி. எனக்கு அவன்மேல் பிரியம் உண்டானது அன்றைக்குத்தான். பாடம் முடிந்ததும் புரொபஸர் விமர்சனம் கேட்டார். சாந்தோமிலிருந்து வரும் என் நண்பன் ஆரோக்கியசாமி எழுந்தான்:

"குறை ஒண்ணுமில்லை சார். பாடம் நடத்தினது ரெண்டு பேர்ல யாருன்னு சொல்லிட்டா மார்க் போட சௌகரியமா இருக்கும்."

அடையாற்றங்கரையில்

மாசி மாதம், ஆறு கடலில் கலப்பதைக் காட்டப் பையன்களை அடையாற்றின் முகத்துவாரத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே போய்ப் பார்த்தால் கலக்கிற இடத்தையே காணோம். இந்தப் பக்கம் ஆறு குளம் மாதிரி நின்றது. அந்தப் பக்கம் கடல். நடுவே நீளமாக ஒரு மணல் மேடு. ஏகாம்பரமும் நானும் முன்னால் போக, கால் நனையாமலே எல்லோரும் அக்கரைக்கு நடந்துவிட்டோம். எனக்கு மானம் போயிற்று. மீன் கூடையோடு வந்த ஒரு அம்மாளிடம், வழி தவறிவிட்டோமோ என்று விசாரித்தேன். அவள் கூடையை இறக்காமலே சொன்னாள்:

"ஆறும் இங்கதான் கீது, கடலும் இங்கதான் கீது நைனா. ரெண்டுத்துக்கும் ஒரு மாசமா பேச்சுவார்த்தை இல்ல. ஐப்பசில மழை வந்தாத்தான் ராசியாவும்."

பரீட்சைப் பாடம்

கடைசியாகப் பரீட்சை. வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் எனக்குக் கொடுத்த பாடம், 'ஆற்றின் வேலை'. பாடத்தைப் பையன்களுக்கு முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிட்டதாகத் தெரிந்தால் பரீட்சை போயிற்று என்று புரொபஸர் எச்சரித்திருந்தார். தலைப்பை மறக்காமல் எழுதிவிட்டு முதல் கேள்வியைக் கேட்டேன்: "ஆறு எங்கே போய்ச் சேருகிறது?" எதிர்பார்க்கும் விடை: "கடலில்." ஏகாம்பரம் எழுந்து, "சேராது சார்" என்றான்.

பரீட்சகர் நிமிர்ந்தார். "தப்பு, உட்கார்" என்று சொல்லியிருந்தால் நான் பிழைத்தேன். ஆனால் அவனோடு அந்த மணலில் நடந்தவன் நான், வாய் வரவில்லை. குறிப்பை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஏன் சேராது?" என்று கேட்டேன். அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அலை மணலைத் தள்ளி மூடுகிறது என்றது ஒரு கட்சி. ஆற்றில் தண்ணீர் வற்றித் தள்ளப் பலமில்லை என்றது மற்றொன்று. அப்புறம் ஒருவன், இரண்டும் ஒன்றுதானே என்றான். எனக்கும் ஒரே குஷி. மணி அடித்த பிறகுதான் சுயநினைவு வந்தது. குறிப்பில் மீதிக் கேள்விகள் அப்படியே கிடந்தன. போர்டில் தலைப்பைத் தவிர ஒன்றுமில்லை. திருச்சினாப்பள்ளிக்கு என்ன கடிதம் எழுதுவது என்று மனசுக்குள் ஆரம்பித்துவிட்டேன்.

பரீட்சகர் என் குறிப்பைப் புரட்டிவிட்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல் நேரே ஏகாம்பரத்திடம் போனார். "இந்தப் பாடத்தை இதற்கு முன்னால் கேட்டிருக்கிறாயா?" என்றார். அவன், "கேட்டுக்கீறேன் சார்" என்றான். ஒத்திகைக் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று நினைத்தேன். அவன் நிறுத்தவில்லை:

"மூணு வருஷமா எல்லா சாரும் ஆறு கடல்ல சேருதுன்னு சொல்லிக்கினுதான் கீறாங்கோ சார். சேராதுன்னு நான் சொன்னப்போ, ஏன்னு கேட்டது இந்த சார்தான்."

அந்த ஜூனில் மயிலாப்பூர் வேலையும் கிடைத்தது, திருச்சினாப்பள்ளியிலிருந்து மனைவியும் வந்து சேர்ந்தாள். அதன்பின் எத்தனையோ வருஷம் பாடக் குறிப்பு எழுதித் தள்ளியும், நான் எதிர்பார்த்தபடியே ஒரு நாளும் தவறாமல் வந்த விடை, "மணி அடிச்சாச்சு சார்" என்ற ஒன்றுதான்.