சீம்பால் போட்ட பீட்சா

அக்கா கோயம்புத்தூர் கல்லூரியில் மனையியல் முதல் வருஷம் முடித்து விடுமுறைக்கு வந்தாள். வந்த அன்றே அப்பா சொல்லிவிட்டார்: "போதும் அம்மிணி. சோறாக்கறதுக்கு எதுக்குக் காலேஜு? உங்கம்மா சொல்லித் தரமாட்டாளா?"

கேரள எல்லையோர வடகரப்பதியில் எங்கள் வீட்டில் அப்பா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவளா அழுவாள்!

"செரிங்கப்பா. அங்க படிச்சதுல ஒண்ணே ஒண்ணு செஞ்சு தர்றனுங்க. தின்னு பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்றாள். அப்பா தலையாட்டினார். அவள் படிப்பு நின்றால் அடுத்து என் படிப்பும் நின்றுவிடும்.

அந்தப் பலகாரத்தின் பெயர் பீட்சா. எழுபதுகளில் எங்கள் ஊரில் அந்தப் பெயரை யார் கேட்டார்கள்? கல்லூரியில் கரண்ட் அடுப்பு இருந்தது, டப்பாவில் சீஸ் இருந்தது. எங்களிடம் இருந்தது விறகடுப்பும் எருமையும்தான்.

"அதனால என்ன புள்ள? ஹாஸ்டல்ல காஞ்ச ரொட்டியத் தின்னுட்டு எதையெல்லாம் நெனச்சு நாக்கு ஊறுச்சோ, அதையெல்லாம் இது மேல போட்டுர்றேன்" என்றாள் என்னிடம்.

அப்படியே போட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நாங்கள் கல்லெறிந்து தின்ற மாங்காயைத் துருவினாள். காட்டில் சுட்டுத் தின்ற நிலக்கடலையை உடைத்து வைத்தாள். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுத் தக்காளித் தொக்கு கிளறினாள். சீஸுக்குப் பதில் சீம்பால். எருமை அப்போதுதான் கன்று போட்டிருந்தது. அதில் வெல்லம் சேர்க்காமல் உப்புப் போட்டு ஆவியில் வேகவைத்தாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "சீம்பால்ல உப்புப் போடறவள இன்னைக்குத்தான் பாக்கறேன், சாமி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். மைதா வாளையார் பரோட்டாக் கடையிலிருந்து வந்தது.

மாவைப் பொங்க வைக்க ஈஸ்ட் வேண்டும். அதற்கு எங்கே போவது? விடிந்ததும் விடியாததுமாகப் பக்கத்துத் தோப்புக்குப் போய், கள் இறக்குகிறவரிடம் ஒரு போசியில் கள் வாங்கி வந்துவிட்டாள். அம்மா வெலவெலத்துப் போனாள். சித்தப்பா குடித்தே செத்ததிலிருந்து எங்கள் வீட்டில் கள் என்ற பேச்சே ஆகாது. "உங்கப்பனுக்குத் தெரிஞ்சா காலேஜு இல்ல, ஊடே இல்ல. ரண்டு பேரும் வாயத் தொறக்கப் புடாது" என்றாள்.

இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, உள்ளே தட்டை வைத்து, மூடிமேல் தணலைக் கொட்டி வேகவைத்தாள். வாசம் தெருவரைக்கும் போயிருக்கும். மாவு மெத்தென்று பொங்கி, ஓரம் சிவந்து, மாங்காய்ப் புளிப்பும் மிளகாய்க் காரமும் சீம்பாலின் கொழுப்பும் சேர்ந்து, அடடா! அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் பீட்சா தின்றுவிட்டேன். எதுவும் அதன் கிட்டே வராது.

அப்பா ஒரு துண்டு தின்றார். இன்னொன்று கேட்டு வாங்கினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அவர் மென்றுகொண்டே சொன்னார்: "நல்லாத்தான் இருக்குது அம்மிணி. கடலை, மாங்கா, சீம்பால், எல்லாம் நம்மூட்டுச் சாமானு. இதுல காலேஜு என்ன பண்ணுச்சு?"

செத்தோம் என்று நினைத்தேன். நன்றாகச் செய்ததே வினையாகிவிட்டது. அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"மாவு பொங்கியிருக்குதில்லீங்கப்பா, அது கள்ளு ஊத்துனதுனாலீங்க. கள்ளுல கண்ணுக்குத் தெரியாத ஒரு உசுரு இருக்குதுங்க. அதுதான் மாவத் தின்னு காத்தக் கெளப்புது. அனல்ல போதையெல்லாம் போயிருமுங்க. இத எனக்குக் காலேஜுதான் சொல்லிக் குடுத்துதுங்க."

அந்த நெஞ்சழுத்தம் எனக்கு இந்த வயதிலும் வராது. பொய் சொல்லியிருக்கலாம், சோடா மாவு என்றிருந்தால் அப்பா நம்பியிருப்பார்.

அப்பா மெல்லுவதை நிறுத்திவிட்டார். கையில் பாதித் துண்டு இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அம்மா சுவரோடு சாய்ந்து நின்றாள். அக்கா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பாதித் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதையும் வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்து, தோள் துண்டில் வாயைத் துடைத்தார்.

"காலேஜு என்னைக்குத் தொறக்கறாங்க?" என்று கேட்டார்.