வடைக்குக் கீழே இருந்த படங்கள்

மகனுக்கு அடுத்த கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது. பன்னிரண்டு வண்ணப் பென்சிலையும் சீவி, ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி அனுப்பச் சொல்லி ஆசிரியை பட்டியல் தந்திருக்கிறார். ஜெர்மனியில் பென்சிலுக்கும் பதிவு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்தானே. நேற்றுப் பின்னேரம் குசினி மேசையில் இருந்து சீவினேன். நாலாவது பென்சிலில் அந்த மர வாசம் மூக்கில் ஏறியதும் எரிச்சல் வந்தது. மற்றவர்களுக்கு அந்த வாசத்தில் பள்ளிக்கூடம் ஞாபகம் வருமாம். எனக்கு இங்கிலாந்தும் என் தங்கை வதனியும்தான் வருகிறார்கள்.

எங்கள் கையில் ஜெர்மன் பாஸ்போர்ட் வந்த பிறகு, கோடை விடுமுறை என்றால் பீலெஃபெல்டிலிருந்து காரில் லண்டன் சித்தப்பா வீட்டுக்குப் போவதுதான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது, வதனிக்குப் பத்து. அப்பா வழியில் காரை நிறுத்துகிற ஆள் இல்லை. கடல் கடக்கிற ஃபெரியைப் பிடிக்கும்வரை யாருடைய வயிற்றையும் பொருட்படுத்த மாட்டார். "கொஞ்சம் பொறுங்கோ, இதில நிப்பாட்டேலாது" என்பார். அந்தக் கொஞ்சம் பெல்ஜியம் முழுக்க நீளும்.

அதே மனிதர், இங்கிலாந்தில் இறங்கி, கெண்ட் பக்கத்துச் சின்னத் தெருவில் வதனி "அப்பா, அந்தச் செம்மறியள்" என்று மெல்லச் சொன்னால் போதும், காரை ஓரமாக நிறுத்திவிடுவார். "வடிவாத் தெரியுதோ பிள்ளை? இன்னும் கொஞ்சம் முன்னுக்கு எடுக்கட்டோ?" அவள் வேலியோரம் இருந்து கொப்பியில் பென்சிலால் படம் கீறுவாள். அவள் தலையில் வெயில் படாமல் அப்பா சாலை வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

வயிறு பற்றி எரிந்தது எனக்கு. வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதமெல்லாம் வாசித்துச் சொன்னது நான். அலுவலகம், வைத்தியர் என்று அப்பாவுக்கு இருந்த டெர்மினுக்கெல்லாம் பள்ளிக்கூடம் போகாமல் கூடப்போய் மொழிபெயர்த்தது நான். அதற்கு அவர் "சரி, வா" என்பதோடு முடிந்தது. அவள் நாலு செம்மறி கீறினால் கார் நிற்கிறது. நானும் ஒருநாள் கீறிக் காட்டினேன். அப்பா வாங்கிப் பார்த்து, "நாய் வடிவா இருக்கு" என்றார். நான் கீறியது குதிரை.

அந்த வருஷம், ஜெர்மனி திரும்புவதற்கு முதல் நாள், கடற்கரையில் வதனி அப்பாவைக் கீறினாள். ஐஸ்கிரீம் சட்டையில் வழிய, அதைப் பார்த்து அவரே சிரித்த நேரம். யாராவது கமராவைத் தூக்கினால் அப்பா பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல விறைத்துவிடுவார். அவளுடைய கொப்பியில் மட்டும் பல் தெரியச் சிரித்தார். அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதைச் சட்டம் போட்டு வீட்டில கொழுவ வேணும்" என்றார்.

அடுத்த நாள் காலை சித்தி கடலை வடை சுட்டுக்கொண்டிருந்தார். வழிக்குச் சாப்பாடு கட்டித் தராமல் எங்கள் ஆட்கள் யாரையும் அனுப்ப மாட்டார்கள். "பிள்ளை, எண்ணெய் வடிய ஏதும் பேப்பர் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார். வாசலில் பழைய பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. நான் அதைத் தாண்டி மேல்மாடிக்குப் போனேன். வதனி குளித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் கிடந்த கொப்பியிலிருந்து ஆறு தாளைக் கிழித்து, கீறிய பக்கம் கீழே வரும்படி சித்தியின் டப்பாவில் விரித்தேன். நல்ல தடித்த தாள். எண்ணெயை நன்றாக உறிஞ்சியது.

ஃபெரியில் வடை முடிந்த பிறகுதான் வதனி கண்டாள். அப்பாவைக் கீறிய தாளை எடுத்து அவரிடமே நீட்டினாள். அம்மா, "சித்தி தெரியாமல் எடுத்திருப்பா பிள்ளை" என்றார். "ஓம், அப்பிடித்தான் இருக்கும்" என்றேன் நான். அப்பா அந்தத் தாளைக் கைலேஞ்சியால் ஒற்றி ஒற்றிப் பார்த்தார். முகம் இருந்த இடம் பிய்ந்து வந்தது. "வாற வருஷம் கீறலாம்" என்றார். வாற வருஷம் அவருக்கு இரண்டாவது வேலை கிடைத்தது. பிறகு நாங்கள் போகவில்லை.

சித்தப்பாவின் லண்டன் வீடு இப்போது வேறு யாருடையதோ. வதனி ஹனோவரில் ஒரு கண் வைத்தியரிடம் வேலை செய்கிறாள், கீறுவதில்லை. போன மாசியில் அப்பா போய்விட்டார். அஞ்சலி மண்டபத்தில் வைக்க அவருடைய படம் தேடினோம். எல்லாவற்றிலும் விறைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, அப்பா சிரிச்ச படம் ஒண்டுகூட எங்களிட்டை இல்லையோ?" என்று வதனி கேட்டாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். கீறியவள் உண்மையாகவே மறந்துவிட்டாள். எனக்கோ ஒவ்வொரு கோடும் ஞாபகம் இருக்கிறது. அந்த மறதியும் அவளுக்குத்தான் கிடைத்திருக்கிறது என்று அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமை வந்தது.

"இல்லை" என்றேன்.