துணிமேட்டில் ஏறிய பேச்சியம்மாள்

லாயாங் லாயாங் ஊரில் பேச்சியம்மாளைத் தெரியாதவர்கள் குறைவு. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கை அது. இப்போது பதினோரு வருடமாகத் தண்டவாளத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய துணிக் கிடங்கில் தரம் பிரிக்கிறாள். சிங்கப்பூரிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கும். நல்லது, பழைய துணி விற்கும் பண்டல் கடைகளுக்கு. சுமாரானது பட்டறையில் எண்ணெய் துடைக்க. எதற்கும் உதவாததைக் காசு செலவழித்துக் குப்பைமேட்டுக்கு அனுப்ப முதலாளிக்கு மனம் வராது. பின்பக்கம் ஓடைக்கரையில் போட்டு எரித்துவிடுவார்.

மாதத்துக்கு ஒரு நாகரிகம் வருகிறதே, பிறகு குவியாமல் என்ன செய்யும்? விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத சட்டைகள் அதில் கிடக்கும். மினுமினுக்கும் அந்தச் சனியனைத் துணி என்று சொல்லவே கூடாது. நெருப்பில் பிளாஸ்டிக்காக உருகிச் சொட்டும். கரி ஓடையில் இறங்கும், புகை வரிசை வீடுகளுக்குள் புகும். போன மாதம் எரித்த அன்று, அங்கே குடியிருக்கும் அவள் மகள் சாந்தினியின் கைக்குழந்தை மூச்சுவிட முடியாமல் நீலம் பாரித்தது. இன்னொரு முறை புகை பட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சூப்பர்வைசர் திருச்செல்வம் மண்ணெண்ணெய் டின்னோடு பின்பக்கம் போனான். காற்று வீடுகள் பக்கம்தான் வீசியது. பேச்சியம்மாள் கையுறையைக் கழற்றி வைத்தாள். நேரே போய், எரிக்கக் குவித்திருந்த மேட்டில் மூட்டை மூட்டையாகக் கால் வைத்து ஏறி, உச்சியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னாக்கா இது வெளாட்டு? எறங்குங்க லா!"

"நீ ஊத்து. நான் இங்கதான் இருப்பேன்."

"அலமாக்! அந்தப் பக்கம் ஊத்திட்டேங்கா. ஒரு பொறி பட்டாப் போதும்!"

"அப்ப மொதல்ல வாயில இருக்குற சிகரெட்ட அணைடா, புத்திசாலி."

அவன் அதைத் தூர எறிந்து, ஓடிப் போய் மிதித்தான். அவள் மூட்டையின் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சீன முதலாளி ஓடி வந்தார். இறங்காவிட்டால் நாளையிலிருந்து வேலை இல்லை என்று மலாயில் கத்தினார்.

"வேல வேணாம் தவுக்கே. இதக் குப்பமேட்டுக்கு ஏத்த லாரியக் கூப்பிடுங்க," என்று அவளும் மலாயிலேயே பதில் சொன்னாள்.

அவர் மண்ணெண்ணெய் டின்னைப் பார்த்தார். கிடங்கு வாசலில் ஃபோனைத் தூக்கிப் பிடித்து நின்ற பெண்களைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு டிரைவர் லோகேஸ்வரனை அழைத்தார்.

ஆட்கள் அவளைச் சுற்றியிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து லாரியில் ஏற்றினார்கள். மேடு தணியத் தணிய அவளும் இறங்கினாள். கடைசி மூட்டையை விட்டு எழுந்தபோது கால் மரத்திருந்தது.

"எங்கடா கொட்டப் போற?"

லோகேஸ்வரன் முதலாளியைக் கடைக்கண்ணால் பார்த்தான். "குப்பமேட்டுக்குத்தான், ஆன்ட்டி."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் சாவியைத் திருகுவதிலேயே கண்ணாக இருந்தான். பேச்சியம்மாள் மறுபக்கம் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தாள்.

"அந்தச் சோத்துப் பொட்டலத்த நகத்து. எனக்குத்தான் வேல இல்லியே, கூடவே வரேன்."