நிழல் பக்கத்து அறை

அந்த ஊரை யாராவது குறை சொன்னால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ஜனவரியில் என் மகள் அங்கே பனியில் விழுந்து மணிக்கட்டு முறிந்து கிடந்தாள். அதற்குப் பிறகு எங்கள் உறவில் எல்லோரும் அந்த ஊரைச் சபித்தார்கள். தப்பு ஊருடையதல்ல. என்னுடையது.

நான் அங்கே போனதில்லை. ஆனால் அதன் வரைபடம் எனக்கு மனப்பாடம். பிரான்சில், ஆல்ப்ஸ் மலைக்குள், கிழக்கு மேற்காக நீண்ட ஒரு பள்ளத்தாக்கு. நடுவில் ஓர் ஆறு, அதன்மேல் ஒரு கல்பாலம். வடகரையில் சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகள், ஊசிபோன்ற கோபுரத்தோடு ஒரு தேவாலயம், அதன் சுவரில் சூரியக் கடிகாரம். தென்கரையில் ஊசியிலைக் காடு, ஓர் அருவி, கோடையில் வருகிறவர்களுக்கான சில விடுதிகள். பள்ளத்தாக்கின் கிழக்குக் கோடியில் ஒரு கணவாய். பனிக்காலம் முழுவதும் அது மூடியே இருக்கும். நம் ஊராட்சிபோல அங்கே கம்யூன் என்கிறார்கள். அந்தக் கம்யூனின் மொத்த ஜனத்தையும் குவைத்தில், ஃபர்வானியாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் அடைத்துவிடலாம்.

மகள் நிலவியல் படிக்கிறாள். மலைச்சரிவுகள் எவ்வளவு நகர்கின்றன என்று அளக்கும் பயிற்சிக்காக அக்டோபரில் அங்கே போனாள். ஒன்பது மாதம். வாடகைக்கு இரண்டு அறைகள் பார்த்து எனக்குப் படம் அனுப்பினாள். ஒன்று வடகரையில், தெற்கு பார்த்த பெரிய ஜன்னலோடு. மற்றது தென்கரையில், மலையடிவாரத்தில், மரங்களுக்கு நடுவில்.

நான் இருபத்தாறு வருடமாகக் குவைத்தில் ஏசி வேலை பார்க்கிறவன். டிப்ளமா படித்துவிட்டு டெக்னீஷியனாக வந்து இப்போது சூப்பர்வைசர். எங்கள் ஆட்கள் ஃப்ளாட் மாறுவதென்றால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் போவேன். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். சுட்டால் வேண்டாம் என்பேன். ஆகஸ்டில் அந்தச் சுவர் இரவெல்லாம் அறைக்குள் சூட்டைக் கக்கும். இது ஒன்றுதான் எனக்கு வீடு பார்க்கத் தெரிந்த வித்தை. நான் சொல்லித் தப்பானதே இல்லை என்று ஒரு பேரும் இருந்தது.

அந்தப் பேரோடுதான் மகளுக்கும் சொன்னேன். வெயில் படாத அறையை எடு என்றேன். வடகரை வீடுகள் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்து அதை நம் ஃபர்வானியா மாதிரி நெரிசலான இடம் என்று நினைத்தேன். தென்கரை காலியாக, பச்சையாக இருந்ததால் அதுதான் நல்ல ஏரியா என்றேன். நூற்றாண்டுகளாக அங்கே வாழ்கிறவர்கள் ஏன் ஒருவர்கூடத் தென்கரையில் வீடு கட்டவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் சூரியன் தெற்கு மலைக்குப் பின்னால் தாழ்ந்தது. அதன்பின் தென்கரையில் வெயிலே இல்லை. பிப்ரவரியில்தான் திரும்ப வருமாம். எதிர்க்கரையில் மத்தியானம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காப்பி குடிப்பார்கள். தென்கரையில் அருவியே உறைந்து நிற்கும். விழுந்த பனி உருகாமல், மிதிபட்டு மிதிபட்டுக் கண்ணாடியாகிவிடும். பாலத்துக்கு இறங்கும் அந்தப் பாதையில்தான் ஒரு காலையில் வழுக்கினாள். போன் சரிவில் எங்கோ போய்விட்டது. ஒரு கையை ஊன்ற முடியாமல், எழ எழ மறுபடி வழுக்கியிருக்கிறாள். பனிக்காலத்தில் விடுதிகள் காலி. கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர் பார்க்கும்வரை முக்கால் மணி நேரம், மைனஸ் பதினொன்றில், என் மகள் அங்கே உட்கார்ந்திருந்தாள். செய்தி வந்தபோது நான் ஒரு மொட்டை மாடியில் ஏணிமேல் நின்றேன். வேலையை அப்படியே போட்டுவிட்டு இறங்கினேன்.

பயிற்சியை விட்டுவிடுவதா, கட்டு பிரித்தபின் தொடர்வதா என்று திங்கட்கிழமைக்குள் அவள் சொல்ல வேண்டும் என்று பயிற்சி தருகிறவர்கள் கெடு வைத்தார்கள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை குவைத்திலேயே மங்காஃபில் இருக்கும் மச்சான் வீட்டில் சாப்பாடு. மச்சான் என் மனைவியின் அண்ணன். டிக்கெட் விசாரித்து முடித்தே என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"கலாஸ் மாப்ள, போதும். அம்பது டிகிரியில வளந்த புள்ள அது. ஐஸ் பெட்டிக்குள்ள வச்சிருக்க. நீ சொன்னா வந்துரும், சொல்லு."

மகளை வீடியோவில் கூப்பிட்டு போனைத் தண்ணீர் ஜக்கின்மேல் சாய்த்து வைத்தார். வடகரையில், கூட வேலை பார்க்கும் பெண்ணின் வீட்டில் இருந்தாள். முகத்தில் வெயில் அடித்தது. வேறு எதுவும் பேசுவதற்கு முன் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அப்பா, இங்க வெயில் பக்கத்துக்கு ஒரு பேரு, நிழல் பக்கத்துக்கு ஒரு பேரு. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான்தான் யாரையும் கேக்கல. நீங்க சொன்னா கரெக்டா இருக்கும்னு விட்டுட்டேன்."

அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை. அவள் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் விடவில்லை.

"வரச் சொன்னா வர்றேன்" என்றாள். மச்சான் என் தொடையில் தட்டினார்.

நீ அளக்கிற சரிவு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஜன்னலுக்குப் போய்க் காட்டினாள். ஊருக்கு மேலே, வெயில் பக்கத்தில். வெயில் ஏறினால் பனி இளகிச் சரியும். அதனால் விடியற்காலையில் ஏறி, பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும், தனியாகப் போகவே கூடாது என்றாள். எந்தப் பாறையின் கீழ் நிற்கக் கூடாது என்பதைக்கூடச் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று புரிந்தது. அந்த மலையைப் பற்றிச் சொல்ல எங்களில் அவள் ஒருத்திக்குத்தான் தகுதி இருந்தது. நான் மறுபடியும் இங்கிருந்து சுவரைத் தொட்டுப் பார்க்கப் போகிறேனா?

"உனக்கு என்ன தோணுது?"

"முடிச்சிட்டு வரணும்பா."

"அப்ப முடிச்சிட்டு வா."

மச்சான் எழுந்துவிட்டார். பெண்பிள்ளையைப் பணயம் வைக்கிறாய், நீயெல்லாம் தகப்பனா என்று இன்னும் என்னென்னவோ கேட்டார். என் தப்புக்கு அவள் ஏன் ஊர் திரும்ப வேண்டும் என்று நானும் கேட்டேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அதுவரை வாயே திறக்காத என் மனைவி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ரூம இந்தத் தடவ நீயே பாரு. அப்பாட்ட கேக்காத."

யாரும் சிரிக்கவில்லை. மகள் மட்டும் சிரித்தாள்.

கட்டு பிரித்து, போன வாரம் அவள் மறுபடி மலை ஏறினாள். அங்கே பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும். குவைத்தில் அப்போது பன்னிரண்டு. பன்னிரண்டரை வரை ஒரு தகவலும் இல்லை. மாடியில் ஏணிமேல் நின்று ஓர் ஏசி யூனிட்டைத் திறந்து போட்டிருந்தேன். அவளைக் கூப்பிடக் கூடாது என்று போனைப் பைக்குள் வைத்தால், மச்சான் கூப்பிட்டார். அந்த வெள்ளிக்குப் பிறகு அன்றுதான் பேசினார்.

"எறங்கிட்டாளா?"

"இன்னும் தெரியல."

"பயமா இல்லியா மாப்ள?"

"இருக்கு" என்றேன். அதற்காக அவளை வரச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் போனை வைக்காமல் லைனிலேயே இருந்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஏணியில் அடுத்த படி ஏறினேன்.