டிராக்டர் டியூப் காற்றில் பிழைத்த மீன்கள்

இந்தச் சித்திரையில் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.

அருப்புக்கோட்டையில் கரண்ட் போவதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். மற்ற வீடுகளில் ஃபேன் நிற்கும், மிக்ஸி நிற்கும். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு மூச்சு நிற்கும்!

பேங்கில் கவுன்ட்டரில் இருந்தேன். போன் வந்தது. மனைவி சாந்தா.

"உடனே வாங்க. எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுக."

மேனேஜரிடம் என்ன சொல்வது? 'சார், வீட்டில் சீரியஸ்' என்றேன். பொய்யில்லை. அவர் பதறிப்போய் 'யாருக்கு?' என்று கேட்பதற்குள் சைக்கிளை எடுத்துவிட்டேன்.

அந்த நாலு பேர் யாரென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு முன் அறையில் மூன்றரை அடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் கடல். ஆமாம், நிஜக் கடல் தண்ணீர், பாறைக் கல், அதில் பூப்போல விரிந்து சுருங்கும் சின்னச் சின்ன பவள உயிர்கள். நடுவே விரல் நீளத்தில் நாலு மீன்கள். கொழும்பிலிருந்து வந்ததாகச் சொல்லி மெட்ராஸ் கடைக்காரர் ஒருவர் கொடுத்தது. 'ஃபேரி ராஸ்' என்று துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். ஃபேரி என்றால் தேவதை. ஒன்று ஆண், மூன்று பெண். தண்ணீருக்குள் காற்றைச் செலுத்தும் மோட்டார் ஓடினால்தான் அவற்றுக்கு மூச்சு.

"தேவதைக்கு எதுக்கு மூணு பொண்டாட்டி?" என்றாள் சாந்தா. ஆனாலும் ஆணுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தவளும் அவள்தான். நெற்றி சிவப்பு, முதுகு ஊதா, வயிறு சுண்ணாம்பு வெள்ளை. காலையில் லைட்டைப் போட்டதும் துடுப்புகளை விரித்துக்கொண்டு மூன்று பெண்களுக்கும் முன்னால் ஒரு சுற்று வருவான் பாருங்கள்... கேபிள் டிவி வந்தும் நாங்கள் டிவி பக்கம் போகாததற்கு அவன்தான் காரணம்.

மழையே பெய்யாத ஊரில் உனக்கு ஏன்யா கடல் என்று கேட்காதவர்கள் இல்லை. அதிகமாகக் கேட்டவர் பேச்சியம்மாள்.

எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, திருச்சுழி ரோடு திரும்பும் முக்கில் பஞ்சர் கடை. பேச்சியம்மாள்தான் முதலாளி, பேச்சியம்மாள்தான் தொழிலாளி. நாலு வருஷத்துக்கு முன் புருஷன் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். சாமான்களை விற்றுவிடச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். பதினேழாம் நாள் கடையைத் திறந்து, லாரி டயருக்குக் கீழே ஜாக்கியை வைத்தார் இந்த அம்மாள்.

எனக்குக் கடல் தண்ணீர் வருவது உப்பு லோடு லாரியில். சாயல்குடி பக்கமிருந்து பரளச்சி வழியாக வரும் டிரைவர் ஒருவர், மாதம் ஒரு தடவை நாலு கேனில் மொண்டு வந்து பேச்சியம்மாள் கடையில் இறக்கிவிட்டுப் போவார். போன வருஷம் முதல் தடவை கேன் இறங்கியபோது பெரிய சண்டை.

"எட்டு நாளைக்கு ஒருக்கா கொழாயில தண்ணி வருது. தெருவே குடத்தத் தூக்கிக்கிட்டு அலையுது. நீக மட்டும் லாரி வச்சு எறக்குறீகளா சார்?"

ஒரு கேனைத் திறந்து அவர் கையில் கொஞ்சம் ஊற்றினேன். வாயில் வைத்தார். தூவென்று துப்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குடிக்கத் தண்ணியில்லாத ஊருக்கு உப்புத்தண்ணிய லோடு போட்டுக் கொண்டாந்த ஆளு நீகதேன்!"

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தொட்டியில் தினமும் தண்ணீர் ஆவியாகும். உப்பு அங்கேயே தங்கிவிடும். குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். தினம் ரெண்டு சொம்பு. கோடையில் மூன்று. ஒருநாள் நான் ஊற்றுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார் பேச்சியம்மாள். காலிக் குடம் அவர் இடுப்பில் இருந்தது. அந்தப் பார்வைக்குப் பிறகு என் குளியல் ஒரு வாளியிலிருந்து அரை வாளியானது. சாந்தாவின் உத்தரவு.

சரி, அந்தச் சித்திரை நாளுக்கு வருகிறேன்.

வீட்டுக்குள் நுழைந்தால், சாந்தா ஸ்டூல் மேல் நின்றுகொண்டு மக்கால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அப்படிச் செய்தால் தண்ணீரில் கொஞ்சம் காற்று கலக்கும். சேலையெல்லாம் உப்பு. கண்ணாடியைச் சுற்றி ஈரத்துணி. வெளியே வெயில் கொதிக்கிறது. மாப்பிள்ளை உட்பட நாலும் மேலே வந்து திணறுகின்றன.

மின்சார ஆபீஸுக்கு ஆள் அனுப்பினோம். புது டிரான்ஸ்ஃபார்மர் விருதுநகரிலிருந்து வர வேண்டும், சாயங்காலம் ஆகலாம், நாளைக்கும் ஆகலாம் என்றார்கள்.

அப்போதுதான் வாசலில் பேச்சியம்மாள். அவர் கடை கம்ப்ரஸரும் நின்றுபோயிருந்தது. கரண்ட் எப்ப வரும் என்று கேட்க வந்தவர், எங்கள் கோலத்தைப் பார்த்து உள்ளே வந்தார். தொட்டியை உற்றுப் பார்த்தார்.

"இதுகளுக்குக் காத்துதான வேணும்?"

"ஆமா."

"காத்து நம்மகிட்ட இருக்குல்ல!"

போனார். பத்து நிமிஷத்தில் ஒரு பெரிய டிராக்டர் டியூபை உருட்டிக்கொண்டு வந்தார். கம்ப்ரஸர் டாங்கியில் மிச்சமிருந்த காற்றையெல்லாம் அதில் பிடித்திருந்தார். அன்றைக்கு ரோட்டில் வரும் வண்டிகளுக்கு அடிக்க வேண்டிய காற்று அது.

"ஆயில் கலந்திருக்குமோ?" என்றேன். என் புத்தி!

"ஓஸ் மூக்குல துணியக் கட்டித்தேன் புடிச்சிருக்கேன். பேசாம அந்தப் பைப்ப எடுங்க."

வால்வு பின்னைத் தளர்த்தி, சைக்கிள் வால்வுக்குப் போடும் மெல்லிய ரப்பர் வால்டியூபை மாட்டி, அதைத் தொட்டியின் காற்றுக் குழாயில் செருகினார். பைப் போவதற்காகத் தொட்டியின் மேல் மூடியிருந்த கொசுவலைச் சட்டத்தை நான் எடுத்துக் கீழே வைத்தேன். தண்ணீருக்குள் குமிழ் குமிழாக வர ஆரம்பித்தது.

காற்று குறையக் குறைய டியூப் தொளதொளத்தது. "உக்காருங்க சார் மேல" என்றார். உட்கார்ந்தேன். குமிழ் மறுபடி வேகமானது. இதற்குள் விஷயம் தெருவில் பரவி, எதிர்வீட்டு அம்மாள், தையற்கடைக்காரர், தபால்காரர் எல்லாரும் வந்துவிட்டார்கள். முறைவைத்து டியூப் மேல் உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் உட்கார்ந்தபோது வந்த குமிழ் மாதிரி யாருக்கும் வரவில்லை. தபால்காரர் அதைச் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒரு டியூப் இங்கே காலியாகும்போது இன்னொன்றைக் கடையில் கைப்பம்பால் அடித்துக்கொண்டிருந்தார் பேச்சியம்மாள். கைப்பம்பால் டிராக்டர் டியூபுக்குக் காற்றடித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் கால்மணி நேரம் அடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துவிட்டேன். அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மதியச் சோறுகூடச் சாப்பிடாமல் அடித்தார்.

ஐந்தரை மணிக்குக் கரண்ட் வந்தது.

"வந்துருச்சுடீ!" என்று பேச்சியம்மாள் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும். கத்திக்கொண்டே சந்தோஷத்தில் தொட்டி ஸ்டாண்டை ஓங்கித் தட்டினார். ட்யூப்லைட் எரிந்தது. மோட்டார் ஓடியது. எல்லாரும் கைதட்டினோம். சாந்தா காபி போட்டாள்.

அரைமணி நேரம் கழித்து எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான் இருந்தன.

இந்த வகை மீன் மிரண்டால் துள்ளும். தண்ணீரைவிட்டே வெளியே துள்ளிவிடும். அதற்காகத்தான் அந்தக் கொசுவலை. பீரோவுக்குப் பின்னால், தூசிக்குள், மாப்பிள்ளை கிடந்தான். ஊதா நிறமெல்லாம் போய்ச் சாம்பலாகியிருந்தான்.

பேச்சியம்மாள் குனிந்து பார்த்தார். "நான் கத்துனதுலதான் சார்... தட்டுனேன்ல..." என்றார். காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு, டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த இடத்தில்தான் உங்களிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வலையைத் திரும்ப மூடாதது நான். ஒரு ஓரம் பைப்புக்கு விட்டுவிட்டு மிச்சத்தை மூடியிருக்கலாம். அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். ஆனால் ஒருவர் தானாக வந்து பழியை எடுத்துக்கொள்ளும்போது, வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

அப்புறம் அவர் எங்கள் வீட்டுப்பக்கம் வரவில்லை. கடல் தண்ணீர் கேன் வந்தால், நான் பேங்கில் இருக்கும் நேரம் பார்த்து வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் கடைக்குப் போனேன். நிமிர்ந்து பார்க்காமல், "காத்தடிக்கணுமா சார்?" என்றார். சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு வந்துவிட்டேன். உண்மையில் டயரில் காற்று குறைந்திருக்கவே இல்லை.

வைகாசி போய் ஆனி வந்தது. தொட்டியில் ஒரு மாற்றம். மூன்று பெண்களில் பெரியது, மற்ற இரண்டையும் விரட்டி மேய்த்தது. நெற்றியில் லேசாகச் சிவப்பு. பிறகு முதுகில் ஊதா. ஒருநாள் காலை லைட்டைப் போட்டதும் துடுப்பை விரித்துக்கொண்டு மற்ற இரண்டுக்கும் முன்னால் ஒரு சுற்று வந்தது!

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி மெட்ராஸ் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார். "அது அப்படித்தான் சார். ஆண் போயிட்டா, இருக்கிறதுல பெரிய பொண்ணு ஆணா மாறிடும். உடம்பே மாறிடும்."

நேரே பேச்சியம்மாள் கடைக்குப் போனேன். "வீட்டுக்கு வாங்க, ஒண்ணு காட்டணும்."

"நான் எதுக்கு சார்... வந்தா எதுனாச்சும் ஆகும்."

"வலையை மூடாம விட்டது நான்தான் பேச்சியம்மா. நீங்க தட்டினதால இல்ல. வலை இருந்திருந்தா நீங்க மேளமே அடிச்சிருந்தாலும் அது வெளிய போயிருக்காது."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இது அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு மாசமா எனக்குச் சோறு எறங்கல சார்."

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பேச்சியம்மாள் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, நடங்க. வாரேன்" என்றார்.

தொட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். நான் விளக்கினேன். வாயில் கை வைத்துக்கொண்டார். சாந்தா காபி கொடுத்தாள். இந்தத் தடவை முழுசாகக் குடித்தார்.

அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா? ஒரு கருத்துச் சொல்லாவிட்டால் தூக்கம் வராதே!

"பாத்தீங்களா பேச்சியம்மா, ஆண் போனதும் குடும்பத்தைக் காப்பாத்த அதுவே ஆம்பளையா மாறிடுச்சு... உங்களை மாதிரியே!"

பேச்சியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மீனுக்கு வேற வழி தெரியல சார், மாறிருச்சு. நான் எதுக்கு மாறணும்? பொம்பளையா இருந்துக்கிட்டேதேன் லாரி டயரக் கழட்டுறேன். புஸ்தகத்துல எழுதுனா இதையும் சேத்து எழுதுங்க."

எழுதிவிட்டேன்.